எதன்மேல் படர்ந்தது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அதே ஐஸ் ஃபாக்டரி, அதே பூட்டுக்கடை மாடி அறை. நீ எப்படி இருக்கிறாய், முழங்கால் தேவலையா என்றெல்லாம் கேட்க ஆசைதான். நாலு வருஷம் கழித்துக் கேட்கிறவனுக்கு என்ன பதில் கிடைக்குமோ என்று தயக்கமாக இருக்கிறது. ஆகவே கேட்டதாக வைத்துக்கொள்.

அத்தானோடு எனக்கிருந்த மனஸ்தாபம் உனக்குத் தெரியும். அதற்காக அவர் காலமானபோது வராமல் இருந்துவிடவில்லை. தந்தி கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது எழுதுவது வேறு காரியமாக. இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். காலையில் எழுந்தால் வாய் கசக்கிறது. கம்ப்ரஸர் பக்கம் நாலு தடவை நடந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. அத்தானுடைய மருந்துகள் எல்லாம் இப்போது உன் கையில்தான் என்று கேள்விப்பட்டேன். முடிந்தால் ஏதாவது அனுப்பு. மருந்துக்காகத்தான் எழுதுகிறேன், வேறு தொந்தரவு கொடுக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜனவரி 21

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நாலு வருஷமாக உனக்கு வாய் கசக்கவே இல்லை போலிருக்கிறது. கசந்ததும் அக்கா ஞாபகம். போகட்டும், கசப்புக்காவது ஒரு நன்றி.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. அத்தான் போனதிலிருந்து முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பதும் நான்தான், பின்னறையில் இடிப்பதும் நான்தான். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது: பசி எப்படி? சிறுநீர் என்ன நிறம்? வலது தோள் வலிக்கிறதா? மாத்திரை கொடுத்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாரா, இல்லை முகத்தைப் பார்த்தே கொடுத்தாரா?

இத்துடன் ஒரு டப்பா சூரணம் வருகிறது. அம்மையார் கூந்தல். பெயரைக் கேட்டு மயங்காதே. வேர் கிடையாது, இலை கிடையாது. சிக்குப்பிடித்த மஞ்சள் நூலை யாரோ வேலியில் எறிந்துவிட்டுப் போன மாதிரி கிடக்கும். அடுத்த செடியின் தண்டில் வாயை வைத்து உறிஞ்சியே காலத்தை ஓட்டுகிற கொடி. ஆனால் ஈரலுக்கும் பித்தத்துக்கும் அத்தான் முதலில் எடுப்பது இதைத்தான். காலையும் மாலையும் கால் கரண்டி, வெந்நீரில், சாப்பாட்டுக்கு முன்னால்.

டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'எதன்மேல் படர்ந்தது: ஆடாதோடை.' அந்தச் சீட்டு இல்லாமல் இந்த வீட்டிலிருந்து அம்மையார் கூந்தல் வெளியே போனதில்லை. சீட்டைக் கிழித்துப் போடாதே.

முடிந்ததும் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா பத்திரமாக வந்தது. மூடியைச் சுற்றி நீ மெழுகு உருக்கி ஊற்றியிருப்பதைப் பார்த்துக் கீழ்வீட்டுப் பூட்டுக்காரரே அசந்துவிட்டார். "இதைத் திறக்க என்கிட்டயே சாவி கிடையாது சார்" என்றார்.

சொன்னபடி சாப்பிடுகிறேன். பசி கொஞ்சம் வந்திருக்கிறது. தோள் வலி இருக்கிறது, நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

எனக்குச் சில சந்தேகங்கள். எதன்மேல் படர்ந்தது என்று எழுதி ஒட்டுவது எதற்கு? கொடி கொடிதானே? இலையே இல்லாததை எப்படிச் சுத்தம் பண்ணுவாய்? வெயிலில் காயவைப்பாயா, நிழலிலா? உனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். இருந்தாலும் சாப்பிடுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எனக்கு இங்கே அரை மணிக்கு ஒருதரம் மெஷின் பக்கம் போய் மீட்டரைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதுவதுதான் வேலை. எல்லோரும் என்னை மீட்டர் என்றே கூப்பிடுகிறார்கள், சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனா என்பது சந்தேகம். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை லீவு. போன ஞாயிறு முழுக்க நான் பேசியது மொத்தம் ஒரு வார்த்தை. டீக்கடைக்காரர் "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றார். "லைட்" என்றேன்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு ஆசீர்வாதம். உடம்பு தேறிவருவதில் சந்தோஷம்.

கொடி கொடிதானே என்று கேட்டிருக்கிறாய். அத்தான் இருந்திருந்தால் இந்த ஒரு கேள்விக்கே உன்னை வாசலில் நிற்க வைத்திருப்பார். போன வாரம் கயிறு விற்கிற ஒருவர் ஒரு கட்டு அம்மையார் கூந்தலைக் கொண்டுவந்து போட்டார்.

"எது மேல இருந்துச்சு?" என்றேன்.

"வேலி மேலம்மா."

"வேலின்னா என்ன செடி?"

"வேலிம்மா. வேலின்னா வேலிதான்."

கட்டை அவர் தலையிலேயே திருப்பி ஏற்றி அனுப்பினேன். இந்தக் கொடிக்கென்று சொந்தக் குணம் பாதிதான். மீதிப் பாதி அது எதைக் குடித்ததோ அதனுடையது. ஆடாதோடை மேலேறினால் மருந்து. அரளி மேலேறினால் அரளியையே குடித்திருக்கும், உள்ளே போனதும் இதயத்தைப் பிடிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மஞ்சள். நாக்கில் வைத்தாலும் தெரியாது. அதிலும் ஒரே கொடி இரண்டு செடிமேல் ஒரே சமயத்தில் வாய் வைக்கும். இந்த முனை நல்ல செடியில் இருக்கும், அந்த முனை எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அதனால் இரண்டு முனையையும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். சில நாள் ஒரு கொடிக்கு ஒரு காலைப்பொழுதே போய்விடும். நீரில் அலசி, நிழலில்தான் உலர்த்துவேன். ஐந்து நாள்.

பார், மூன்று பக்கம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னால் "அப்படியா" என்று சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள்.

உனக்கு வேண்டியது அந்த ஒரு டப்பாதான். அதோடு நிறுத்திக்கொள், மருந்தைப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. இனி அடிக்கடி எழுதவேண்டிய அவசியமில்லை. முழுதும் குணமானதும் ஒரு வரி போடு, போதும்.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூன்று பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரி போடு என்று எழுதியிருந்தாய். நல்ல செய்தியாக எழுதத்தான் நினைத்தேன்.

இரண்டு நாளாகக் கண் மஞ்சளாகத் தெரிகிறது. முதலில் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். ஃபாக்டரியில் ஒருவர் பார்த்துவிட்டு, "மீட்டர், கண்ணைப் பார்த்தியா?" என்று கேட்டார். பாரமும் கூடியிருக்கிறது. முதல் டப்பா தீரப் போகிறது.

நீ பயப்படாதே. உன் வசதிப்படி அனுப்பு. எப்படிச் சாப்பிட வேண்டும், என்ன சேர்க்கக் கூடாது என்று விவரமாக எழுதினால் நல்லது.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தம்பி

*

மார்ச் 10

தம்பிக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்றைக்கு வந்த நோயாளிகளை நாளை வா என்று அனுப்பிவிட்டு ரயில்பாதை வேலிக்குப் போய்ப் பறித்து வந்தேன். நிழலில் உலர்த்த நாளில்லை, அடுப்போரம் வைத்து உலர்த்தி இடித்துவிட்டேன். பாதி இப்போது உனக்கு, மீதி அடுத்த தடவை உனக்கே அனுப்ப இங்கே.

இனி அரைக் கரண்டி, மூன்று வேளை. எண்ணெயைத் தொடாதே. வெறும் கஞ்சியும் மோரும். வெயிலில் நடக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார். டாக்டரையும் பார், என் மருந்தையும் சாப்பிடு. எனக்குக் கௌரவம் ஒன்றும் குறையாது. நகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நிறத்தை எழுது. வாரத்துக்கு ஒரு கடிதம் கட்டாயம் வர வேண்டும். எழுதாமல் இருந்தால் எனக்கு இங்கே வேலை ஓடாது.

அக்கா

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

காலையில் கொடுத்த தந்தி இதற்குள் வந்திருக்கும். 'இரண்டாம் டப்பா நிறுத்து' என்று ஏன் கொடுத்தேன் என்பதை இதில் எழுதுகிறேன்.

நேற்று ரயில்பாதைப் பக்கம் போனேன். வேலியை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். முன்னால் ஆடாதோடை, அதுவரை நான் சரியாகத்தான் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வெள்ளரளி வரிசையாக நின்றிருக்கிறது. வெட்டிப் போட்ட குவியலில் அரளித் தண்டுகள் முழுக்க மஞ்சள் நூல் சுற்றிக் கிடக்கிறது.

அன்று நான் ஒரு முனையைத்தான் பார்த்தேன். இன்னொரு முனையைத் தேடவில்லை. உன் கண் மஞ்சள் என்று எழுதியிருந்தாய், நான் கொடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் தேடாமல் பறித்தது அது ஒரே தடவை. டப்பாவில் வழக்கம்போல 'ஆடாதோடை' என்று எழுதி ஒட்டியும் விட்டேன். நான் பறித்த கொடி அரளிவரைக்கும் போனதா இல்லையா என்று பார்க்க இப்போது வேலியே இல்லை.

பதினைந்து நாளுக்கு மேல் சாப்பிட்டிருப்பாய், உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. வாந்தி உண்டா? தலை சுற்றுகிறதா? பார்க்கிற பொருளைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறதா? மார்பு விட்டுவிட்டு அடிக்கிறதா? மறைக்காமல் எழுது. நீ நிஜத்தை எழுதினால்தான் நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, வளையமும் இல்லை. மார்பு நம் வீட்டுப் பழைய கடிகாரத்தைவிட ஒழுங்காக அடிக்கிறது.

நீ சொன்னபடி அரைக் கரண்டி, மூன்று வேளை, ஒரு வேளை தவறாமல் பதினேழு நாள் சாப்பிட்டேன். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. பாரமும் இறங்கிவிட்டது. இவ்வளவு குணம் முதல் டப்பாவில் இல்லை. ஆகவே நீ பறித்தது ஆடாதோடைக் கொடிதான், சந்தேகமே வேண்டாம். உன் கை பிசகாத கை. வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

நீ எப்படி இருக்கிறாய்? உன்னைப் பற்றி எதுவுமே எழுதுவதில்லை.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரித்தேன். பத்து நாளாக நோயாளிகளைப் பார்க்கவில்லை, உரலைத் தொடவில்லை. ஒரு வேலியை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவளுக்கு மருந்து எதற்கு என்று இருந்தேன். நேற்று முன்னறையைத் திறந்து பெருக்கினேன். மனசு லேசாக இருக்கிறது.

இங்கே ஒரு நோயாளி. உன் வியாதியேதான், அதே பாரம், அதே கசப்பு, கண்ணும் மஞ்சள். ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை, கூட ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் போகமாட்டாள், பிடிவாதக்காரி. நல்ல கொடிக்கு இனி மழை வர வேண்டும். என்னிடம் இருப்பது அந்த இரண்டாம் டப்பாவின் பாதிதான். எறிந்துவிட எடுத்து வைத்திருந்தேன். பதினேழு நாள் சாப்பிட்டு நீ குணமானதாக எழுதியிருக்கிறாய், அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் கொடுக்கப் போகிறேன்.

உன் கடிதத்தை அந்த டப்பாவிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். 'மருந்து யாருக்கும் கொடுக்காதே. நான் ஒரு வேளையும் சாப்பிடவில்லை. அரளியாக இருக்கலாம்.' இவ்வளவுதான் அதில். தபாலாபீஸ் அம்மா இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதியே வந்தது. நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று அரை மணிக்கு ஒருதரம் நினைத்துக்கொள்வேன், அடுத்த அரை மணிக்குத் தந்தி கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுவேன். இதற்கு என்ன பெயரோ, நீயே வைத்துக்கொள்.

எனக்கு எந்த நோயும் இல்லை. பாரமும் இல்லை, கசப்பும் இல்லை, கண்ணும் மஞ்சளாகவில்லை. இரண்டு டப்பாவும் மெழுகு உடையாமல் அலமாரியில் இருக்கின்றன. இருபத்திரண்டு வருஷத்தில் மீட்டரைப் பார்க்காமல் நோட்டில் ஒரு எண்கூட எழுதியதில்லை. உனக்குத்தான் பார்க்காமலே எழுதினேன்.

அத்தான் அன்று சொன்னது உனக்கு ஞாபகமிருக்கும். "சும்மா வந்து உக்காந்துட்டுப் போறது போதும். இனிமே நோய்னா வா, மருந்து தரேன். இல்லைன்னா வராதே." நீ பின்னறையில் இடித்துக்கொண்டிருந்தாய். உரலை நிறுத்தவில்லை. அந்தக் கோபத்தில்தான் போனேன். அத்தான் காலமானதும் கொடுத்த தந்தி எனக்கு அன்று மாலையே கிடைத்துவிட்டது, அதிலும் பொய்தான் எழுதியிருந்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினேன். எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. அப்புறம் நாளாக ஆக, எழுதவும் முகமில்லை. நோயென்று சொன்னால் நீ பதில் போடாமல் இருக்கமாட்டாய் என்று தெரியும். போட்டாய். குணமானால் ஒரு வரி போதும் என்று நீ எழுதியதும், மூன்று பக்கம் எழுதுகிற அக்கா போய்விடுவாளே என்று கண்ணை மஞ்சளாக்கிக்கொண்டேன்.

கடைசியாகச் சொன்ன பொய், உன் மனசு ஆறட்டும் என்று சொன்னது. அதுதான் இப்படி வந்து நிற்கிறது.

அந்தம்மா எப்படி இருக்கிறார்கள் என்று உடனே எழுது. திட்டி எழுது, ஆனால் எழுது.

தம்பி

*

மே 1

வைத்தியரம்மாவின் தம்பி அவர்களுக்கு எதிர்வீட்டுத் தையல்காரி எழுதுவது. உங்கள் அக்காவுக்கு இப்போது ஆபத்து நீங்கிவிட்டது. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் விசாரித்திருக்கும் அந்த நோயாளி உங்கள் அக்காதான், அவரே சொன்னார். வேறு யாருக்கும் அந்த மருந்தை அவர் கொடுக்கவில்லை. ஜனவரிக்கு முன்னாலிருந்தே அவருக்கு ஈரலில் கோளாறு. நான் கேட்டபோதெல்லாம் வெயில் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். திங்கட்கிழமை சாப்பிட ஆரம்பித்தவர், சனிக்கிழமை காலையில் முன்னறையில் விழுந்து கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாடி முப்பத்தெட்டு என்றார்கள். டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்ன சாப்பிட்டாங்க, சரியா சொல்லுங்க" என்கிறார். மருந்து செய்கிறவர் என்ன சாப்பிட்டார் என்று துணி தைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு மாற்றுத் துணி எடுக்க அவர் வீட்டுக்கு வந்தேன். தந்திக்காரர் பூட்டிய வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாங்கிப் பிரித்தேன். அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அரளி என்ற வார்த்தையைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மருந்தை மாற்றினார்.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்துக் காட்டட்டுமா என்றேன். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கிக்கொண்டார். மூன்று தடவை படித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் வரலாமா என்று கேட்டேன். "நானா எழுதற வரைக்கும் வரக்கூடாதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். என்மேல் வருத்தம் வேண்டாம்.

*

மே 9

அக்கா,

வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய், வரவில்லை. ஃபாக்டரியில் லீவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கும் போகவில்லை. அறையில்தான் இருக்கிறேன். தபால்காரர் பூட்டுக்கடையோடு திரும்பிவிடுகிறார், மாடிப்படி ஏறுவதில்லை.

நீ நலமாக வேண்டும். என்னைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

தம்பி

*

மே 24

தம்பிக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. ஈரலுக்கும் அங்கேயே மருந்து கொடுத்திருக்கிறார்கள், மாத்திரைதான். வேளை தவறாமல் விழுங்குகிறேன்.

அரளிக்காக உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டாவது முனையைத் தேடாதவள் நான். உன் கடிதத்தை நம்பிச் சாப்பிட்டதும் நான். நீ உண்மையிலேயே சாப்பிட்டிருந்தால் பதினேழாம் நாள் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எத்தனையோ தடவை யோசித்தேன், நீ பொய்யனாக இருந்ததே நல்லது என்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்து முடிகிறது. உரலை நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறாய். ஆமாம், நிறுத்தியிருக்க வேண்டும்.

என் கோபம் வேறு. முதல் டப்பா எனக்கென்று இடித்தது. நவம்பரிலேயே எனக்குப் பாரம் வந்துவிட்டது. கூட யாருமில்லாத வீட்டில் நோய் வந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? பேசாமல் இருந்தேன். ஜனவரியில் உன் கடிதம் வந்தது. அதே விலா, அதே கசப்பு, அதே அசதி. உடன்பிறந்த உடம்பு, நோயும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டப்பாவைத் தூக்கி உனக்கு அனுப்பினேன். உனக்குப் பசி வந்தது என்று நீ எழுதிய அன்று எனக்கும் கொஞ்சம் பசித்தது. காலையில் வாய் கசக்கும்போது அவனுக்கும் இப்போது கசக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருப்பேன். மூன்று மாதம் நான் தனியாக நோயாளியாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் அதுவும் போய்விட்டது. நான் மட்டும்தான் படுத்திருந்தேன் என்று தெரிந்தது. அதற்குத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், தையல்காரம்மா எழுதியிருப்பாளே.

இனி உன் எழுத்தை நம்புவதாக இல்லை. நலம் என்று எழுதினாலும் நம்பமாட்டேன், சாகக் கிடக்கிறேன் என்று எழுதினாலும் நம்பமாட்டேன். என் எழுத்தையும் நீ நம்ப வேண்டியதில்லை, நானும் நாலு கடிதத்தில் நன்றாக இருக்கிறேன் என்று நடித்தவள்தான். ரயிலேறி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டு. நாடி பிடித்துப் பார்த்துத்தான் உனக்கு என்னவென்று சொல்வேன். விரல் இன்னும் நடுங்குகிறது, அதனால் நேரம் பிடிக்கும். நாலைந்து நாள் இருக்கிற மாதிரி வா.

அக்கா